“சார், பிரிண்டர் காணோம்”: தானாகச் சேரும் நெட்வொர்க் பிரிண்டர் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

புதுச்சேரியிலும் கடலூரிலுமாகச் சில சின்ன ஆபீஸ்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், ஒரு பள்ளிக்கூடம், சிப்காட் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். எல்லாமே எட்டு முதல் முப்பது சிஸ்டம் வரை உள்ள இடங்கள். முன்பெல்லாம் புது ஆள் சேர்ந்தால் நானே போய் உட்கார்ந்து பிரிண்டரைச் சேர்த்துக் கொடுப்பேன். இப்போது ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய சின்ன ஃபைல்) அதைச் செய்கிறது. கணினி எழுந்ததும் டிரைவரை (பிரிண்டரோடு பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருள்) போடும், பிரிண்டரின் ஐ.பி. முகவரிக்கு (நெட்வொர்க்கில் அதன் எண்) ஒரு போர்ட், அதாவது இணைப்பு வழி, உருவாக்கும், அதன் மேல் பிரிண்டரைப் பெயர் வைத்துச் சேர்க்கும். ஆள் லாகின் ஆனதும் இன்னொரு குட்டி ஸ்கிரிப்ட் எது டீஃபால்ட் என்று சொல்லிவிடும்.

ஓடும்போது நிம்மதிதான். ஓடாத நாளில் வருகிற போன்கள் திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டு வகை. அந்த வகைகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பிரிண்டரை டெலீட் செய்துவிட்டு மறுபடி சேர்ப்பதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அன்றைக்குச் சரியாகிவிடும். எது கெட்டது என்ற தடயமும் அதோடு போய்விடும். அடுத்த மின்தடைக்கு அதே போன் மறுபடி வரும். கெட்ட இடத்தைக் கண்டுபிடித்த பிறகு கை வையுங்கள்.

## கை வைக்கும் முன் மூன்று கேள்வி

ஒருவருக்கு மட்டும் வரவில்லையா, எல்லாருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அந்தக் கணினியைப் பாருங்கள். எல்லாருக்கும் என்றால் கணினிப் பக்கமே போகாமல் பிரிண்டர், கேபிள், ரௌட்டர் என்று போங்கள்.

பிரிண்டர் தன் முகவரி என்னவென்று சொல்கிறது? அநேகமாக எல்லா நெட்வொர்க் பிரிண்டரிலும் அதன் பேனலிலிருந்தே ஒரு கான்ஃபிகரேஷன் பக்கம் எடுக்கலாம். அதில் ஐ.பி. முகவரி இருக்கும். கணினியே இல்லாமல் அந்தப் பக்கம் ஒழுங்காக வெளியே வந்துவிட்டால் டோனர், டிரம், பேப்பர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள், பல இடங்களில் தேவைப்படும்.

நேற்றிலிருந்து இன்றைக்குள் என்ன மாறியது? மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, இன்டர்நெட்காரர் வந்து ரௌட்டரை மாற்றியது, விண்டோஸ் அப்டேட், மேசையை இடம் மாற்றியது. “ஒண்ணுமே மாத்தல அண்ணா” என்றுதான் முதலில் சொல்வார்கள். இரண்டாவது தடவை பொறுமையாகக் கேட்டால் ஏதாவது ஒன்று வரும்.

## “லிஸ்ட்லயே பிரிண்டர் இல்லை”

ஸ்கிரிப்ட் எழுதும்போதே அது என்ன செய்தது என்று ஒரு லாக் ஃபைலில் வரிவரியாக எழுதும்படி வைத்துவிடுங்கள். தேதி, நேரம், “டிரைவர் போட்டாயிற்று”, “போர்ட் ஆயிற்று”, “பிரிண்டர் சேர்ந்தது”. நாலு வரி போதும். இந்த லாக் இல்லாத ஸ்கிரிப்டை நான் எந்த ஆபீஸிலும் விட்டு வருவதில்லை. இனி வருகிற கிளைகள் எல்லாம் அந்த ஃபைலின் கடைசி வரியை வைத்துத்தான்.

### லாக்கில் இன்றைய தேதியே இல்லை

ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. காசு செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் இல்லை. விண்டோஸின் ஒரு பகுதி டிஸ்கில் உறங்கிக் கிடந்து எழுகிறது. அதனால் கணினி தொடங்கும்போது ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் சில நேரம் ஓடாமல் போகும். ரீஸ்டார்ட்தான் முழுத் தொடக்கம். “தினமும் ஆஃப் பண்ணித்தான் சார் போறேன்” என்பவர் சிஸ்டத்தில்கூடப் பல நாளாக உண்மையான தொடக்கமே நடந்திருக்காது.

அடுத்தது லேப்டாப்பா என்று பாருங்கள். இதில் நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ். ஜூனியர் ஒருவருடைய லேப்டாப்பில் திங்கட்கிழமை பிரிண்டர் இருக்கும், செவ்வாய் இருக்காது, புதன் மறுபடி வரும். டிரைவரை மாற்றினேன், யூசரை மாற்றினேன். கடைசியில் லாக் தேதிகளையும் அவர் கோர்ட்டுக்குப் போன நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோர்ட் முடிந்து வந்த நாட்களில் அவர் சார்ஜரைப் பையிலிருந்து எடுக்காமலே லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டிவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் புது வேலை ஒன்றை உருவாக்கும்போது, கண்டிஷன்ஸ் பக்கத்தில், மின்சாரத்தில் இணைந்திருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் தானாகவே போட்டிருக்கும். பேட்டரியில் எழுந்த நாளெல்லாம் என் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. நான் அவருக்கு அந்த வாரம்தான் தினமும் மாலையில் பிரிண்டரை அழித்துவிட்டு, மறுநாள் கணினி எழும்போது புதிதாகச் சேர்க்கும்படி ஸ்கிரிப்டை மாற்றியிருந்தேன். அதனால்தான் ஒருநாள் இருந்தும் ஒருநாள் இல்லாமலும் தெரிந்தது. டிக்கை எடுத்தேன். அழிப்பதையும் விட்டேன். ஸ்கிரிப்ட் முதலில் பிரிண்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பவர்ஷெல் தடை. இந்த ஸ்கிரிப்டுகளை ஓட்டுகிற விண்டோஸ் கருவிதான் பவர்ஷெல். விண்டோஸ் கணினிகளில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முதலிலிருந்தே தடை உண்டு. அந்த ஃபைலை இரண்டு தடவை கிளிக் செய்தால் நோட்பேடில்தான் திறக்கும். டாஸ்க் ஷெட்யூலரில் பவர்ஷெல்லைக் கூப்பிடும் வரியிலேயே எக்ஸிக்யூஷன் பாலிசியை (அந்தத் தடையை) பைபாஸ் என்று கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

### லாக் டிரைவர் வரியில் நின்றுவிட்டது

பத்தில் ஒன்பது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் கண்டவரை டிரைவரின் பெயர்தான் பெரும்பாலும் காரணம். ஸ்கிரிப்டில் கொடுக்கும் பெயர், டிரைவரோடு வரும் இன்ஃப் ஃபைலுக்குள் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிரிண்டர் மேல் ஒட்டியிருக்கும் மாடல் பெயரை அப்படியே அடித்தால் சேராது. கம்பெனி டிரைவரின் புதுப் பதிப்பைப் போட்டீர்களா? அதில் பெயருக்குப் பின்னால் ஒரு பதிப்பெண் கூடியிருக்கலாம். இன்ஃப் ஃபைலைத் திறந்து காப்பி செய்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள்.

அடுத்தது டிரைவர் ஃபோல்டர் இருக்கும் இடம். நீங்கள் உட்கார்ந்து ஓட்டினால் சேருகிறது, தானாக ஓடினால் சேரவில்லை என்றால் இதுதான். உங்கள் லாகினில் இசட் டிரைவாகத் தெரிகிற சர்வர் ஃபோல்டர், அட்மின் உரிமையோடு ஓடும் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. சிஸ்டம் கணக்கில் (ஆள் யாரும் லாகின் ஆகாமலே விண்டோஸ் தானே பயன்படுத்தும் கணக்கு) ஓடும் ஸ்கிரிப்டுக்கும் தெரியாது. டொமைன் (எல்லாருடைய லாகினையும் ஒரு சர்வரே பார்த்துக்கொள்ளும் அமைப்பு) இல்லாத ஆபீஸில் சிஸ்டம் கணக்கு இன்னொரு கணினியின் ஷேருக்குள், அதாவது பகிர்ந்துவைத்த ஃபோல்டருக்குள், நுழையவும் முடியாது. நான் செய்வது எளிது: டிரைவர் ஃபோல்டரை ஒவ்வொரு கணினியின் சி டிரைவிலும் ஒரு தடவை காப்பி செய்து வைத்துவிடுகிறேன். சில நூறு எம்.பி. இடம் போகும், அவ்வளவுதான். வைஃபை தாமதமாக இணைகிற லேப்டாப்புகளின் தொல்லையும் இதோடு தீரும்.

புது லேப்டாப் ஸ்னாப்டிராகன் சிப் வைத்ததா? அது ஆர்ம் வகை. வழக்கமான 64 பிட் டிரைவர் அதில் ஏறாது, ஆர்ம் டிரைவரே வேண்டும். கம்பெனி தரவில்லை என்றால் விண்டோஸோடு வரும் பொது டிரைவரான மைக்ரோசாப்ட் ஐ.பி.பி. கிளாஸ் டிரைவரை முயலுங்கள். சமீபத்திய பிரிண்டர்கள் பலவும் அதை ஏற்கும். ஏற்காத பழைய பிரிண்டர் என்றால் மேற்கொண்டு மெனக்கெடாதீர்கள். அந்த ஒரு ஆளுக்கு வேறு வழி பாருங்கள்.

### லாக் முழுசாக முடிந்திருக்கிறது, ஆனால் ஆளுக்குத் தெரியவில்லை

சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசையாக அனுப்பும் சர்வீஸ்) ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஒரு பிரிண்டரும் தெரியாது.

ஓடுகிறது என்றால், பிரிண்டர் யாருக்காகச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. ஐ.பி. போர்ட் வைத்துச் சேர்த்த பிரிண்டர் அந்தக் கணினிக்கே சொந்தம், யார் லாகின் ஆனாலும் தெரியும். சர்வரின் ஷேர் வழியாக இணைத்த பிரிண்டர் இணைத்தவருக்கு மட்டும்தான். அட்மின் லாகினில் இணைத்துவிட்டு “வேலை முடிந்தது” என்று கிளம்பினால், மறுநாள் காலை அங்கே வேலை பார்க்கிற அக்காவுக்கு அது இருக்காது.

டொமைன் இருந்து குரூப் பாலிசி (சர்வரிலிருந்து எல்லாக் கணினிக்கும் போகும் அமைப்பு விதிகள்) வழியாகக் கொடுக்கிற இடமா? அந்த ஆளை பிரிண்டர் குரூப்பில் இப்போதுதான் சேர்த்தீர்கள் என்றால் லாக் ஆஃப் செய்து மறுபடி வரச் சொல்லுங்கள். குரூப்பில் சேர்ந்த விவரம் அடுத்த லாகினில்தான் கணினிக்குத் தெரியும். ஐ.பி. வரம்பை வைத்து மாடிக்கு ஒரு பிரிண்டர் என்று பிரித்திருந்தால், அவர் எந்த மாடியில் எந்த முகவரியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

## “பேரு இருக்கு, ஆனா ஆஃப்லைன்னு காட்டுது”

எனக்கு வருகிற போன்களில் இதற்குத்தான் முதலிடம். கடலோர ஊர்களில் மழைக்காலம் வந்தால் மின்சாரம் போவதும் வருவதும் சகஜம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, ஆபீஸ்களைத் திறந்த முதல் சில நாட்கள் எனக்கு இந்த ஒரே புகார்தான். பிரிண்டர்கள் நனையக்கூட இல்லை. மின்சாரம் திரும்பியதும் ரௌட்டர் எல்லாருக்கும் புதிதாக முகவரி கொடுத்திருந்தது, அதுதான் காரணம்.

கையில் இருக்கும் கான்ஃபிகரேஷன் தாளையும் கணினியில் அந்தப் பிரிண்டரின் போர்ட்டில் இருக்கும் முகவரியையும் பக்கத்தில் வையுங்கள்.

### இரண்டும் வேறு வேறு

நேற்று 192.168.1.60, இன்று 192.168.1.23. ஸ்கிரிப்ட் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கிரிப்டில் எண்ணை மாற்றிவிட்டு நகராதீர்கள். அடுத்த மின்தடைக்கு அதுவும் மாறும். ரௌட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்துக்கு (முகவரிகளைப் பங்கிடும் இடம்) போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு பிறந்த, மாறாத எண்) ஒரு ஐ.பி.யை ரிசர்வ் செய்யுங்கள். மேக் முகவரியும் அதே தாளில்தான் இருக்கும். பிறகு பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, புதுத் தாள் ஒன்று எடுத்துச் சரிபாருங்கள்.

பிரிண்டர் பேனலிலேயே கையால் ஐ.பி. கொடுப்பவர்கள் உண்டு. அதுவும் வேலை செய்யும். ஆனால் ரௌட்டருக்கு அது தெரியாது, அதே எண்ணை வேறு எதற்காவது கொடுத்துவிடும். ரிசர்வேஷன்தான் என் கட்சி.

முகவரியின் நடுப் பகுதியே மாறியிருந்தால், அதாவது 192.168.1 என்று இருந்தது 192.168.29 என்றோ 192.168.0 என்றோ ஆகியிருந்தால், யாரோ ரௌட்டரை மாற்றியிருக்கிறார்கள். புது ரௌட்டரில் பழைய எண் வரிசையையே அமைத்து, ரிசர்வேஷனை மறுபடி போட்டுவிட்டால் ஒரு கணினியையும் தொட வேண்டாம்.

### தாளில் 169.254 என்று தொடங்குகிறது

யாரும் முகவரி கொடுக்காததால் பிரிண்டர் தானே வைத்துக்கொண்ட எண் இது. ரௌட்டர்வரை அதன் குரல் எட்டவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். பிரிண்டரின் லேன் துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் சுவிட்சில் வேறு துளை, பிறகு வேறு கேபிள் என்று மாற்றிப் பாருங்கள்.

கடலூர் முதுநகர், துறைமுகம் பக்கம் இருக்கிற ஆபீஸ்களில் ஒன்றைக் கூடுதலாகப் பாருங்கள். கேபிள் முனையில் வரிசையாக எட்டு பித்தளை நிறப் பற்கள் இருக்கும். உப்புக் காற்றில் அவை பச்சை பூத்துவிடுகின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பல்லின் ஓரத்தில் துளித் துளியாகப் பச்சை தெரியும். சுரண்ட வேண்டாம். முனையை வெட்டிப் புது முனை கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துவது). முனையின் விலை சில ரூபாய்தான். ஜன்னலோரம் போகிற கேபிள்களில் இது அடிக்கடி.

### இரண்டும் ஒன்றே, ஆனால் பிங் போகவில்லை

பிங் என்பது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. கமாண்ட் பிராம்ப்டில் பிங் என்று அடித்து பிரிண்டர் முகவரியைக் கொடுங்கள். பதில் இல்லையா? அந்தக் கணினி எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் இருந்தால் இன்டர்நெட் வரும், பிரிண்டர் வராது. போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தாலும் அப்படியே. நெட் மெதுவாக இருந்தது என்று காலையில் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியவர் மாலையில் பிரிண்டரைக் குறை சொல்வார்.

பிரிண்டரே வைஃபையில் இருக்கிறது என்றால், பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சுவர்களின் கனத்தில் வைஃபை பாதி செத்துவிடும். அடுத்த அறையில் போன் நன்றாக வேலை செய்கிறதே என்று வாதாடாதீர்கள். போனின் கதை வேறு. பிரிண்டருக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். அதற்கான செலவை ஒரு மாதத்துப் புலம்பலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

### பிங் போகிறது, இருந்தும் ஆஃப்லைன்

பிரிண்டரின் கியூ (காத்திருக்கும் வேலைகளின் வரிசை) ஜன்னலைத் திறந்து ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுங்கள்.

அடுத்து போர்ட்டின் வகை. டபிள்யூ.எஸ்.டி. என்று தொடங்கினால் அது உங்கள் ஸ்கிரிப்ட் சேர்த்தது இல்லை, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது. அதை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் டி.சி.பி. ஐ.பி. போர்ட்டில் இருக்கும் பிரிண்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் சரியாக இருந்தால், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் என்று போய் எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்துப் பாருங்கள். அதன் வழியாக விண்டோஸ் நலம் விசாரிக்கும், பிரிண்டர் பதில் சொல்லாது, ஆள் இல்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். டிக்கை எடுத்ததும் பல இடங்களில் உடனே அச்சாகத் தொடங்கியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆஃப்லைன் என்றால், பிங்குக்குப் பதில் சொல்வது பிரிண்டர்தானா என்று சோதியுங்கள். மிஷன் வீதியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள்; அதற்கு இரண்டு நாள் முன்பு கூப்பிட்டார்கள். எண்கள் சரி, பிங் சரி, பிரிண்ட் இல்லை. ஏதோ தோன்றி பிரிண்டரின் லேன் கேபிளைப் பிடுங்கினேன். கேபிள் முனை என் கையில் இருக்கிறது, திரையில் பதில் வந்துகொண்டே இருக்கிறது. கேமரா பதிவுப் பெட்டியை மாட்டியவர் அதற்குக் கையால் அதே எண்ணைக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டிக்கு வேறு எண் கொடுத்தோம். கியூவில் காத்திருந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அன்றிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பிங் செய்வதை நான் தவறவிடுவதில்லை. ஒரு நிமிட வேலை.

## “கொடுத்தது எல்லாம் கியூவுல நிக்குது”

எல்லாருக்கும் நின்றால் பிரிண்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். பேப்பர் கேட்கிறதா, மூடி திறந்திருக்கிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா?

பேப்பர் இருந்தும் பேப்பர் கேட்டால் அது அளவுக் குழப்பம். நம் ட்ரேயில் இருப்பது 210க்கு 297 மில்லிமீட்டர் ஏ4. டிரைவரோ அமெரிக்க லெட்டர் அளவில், அதாவது 216க்கு 279 என்று நினைத்துக்கொண்டிருக்கும். புது டிரைவர் போட்ட மறுநாள் வருகிற புகார்களில் பாதி இதுதான். பிரிண்டிங் டீஃபால்ட்ஸில் ஏ4 என்று மாற்றுங்கள். ஸ்கிரிப்டிலேயே ஒரு வரியாக அதைச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. வக்கீல் ஆபீஸ்களில் லீகல் பேப்பர் தனி ட்ரேயில் இருந்தால், பிரிண்டர் பேனலிலும் அந்த ட்ரேயின் அளவைச் சொல்லி வைக்க வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் நின்றால், கெட்டுப்போன ஒரு வேலை வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. கேன்சல் கொடுத்தும் போகாது, ‘டெலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பூலர் சர்வீஸை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் 32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். ஸ்பூலரை மறுபடி ஓட்டுங்கள். இந்த மூன்றையும் ஒரு பேட்ச் ஃபைலாக எழுதி ஒவ்வொரு ஆபீஸிலும் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். பிரிண்ட் சர்வரில் இதைச் செய்வதாக இருந்தால் முதலில் அறையில் குரல் கொடுங்கள், மற்றவர்கள் அனுப்பியதும் சேர்ந்து அழியும்.

ஒரே ஃபைலை அனுப்பும்போது மட்டும் திரும்பத் திரும்ப அடைக்கிறதா? அந்த பி.டி.எஃப்பில்தான் கோளாறு. ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ கொடுத்துப் பாருங்கள்.

## “அட்மின் பாஸ்வேர்டு கேக்குது” அல்லது 11பி, 709 என்று முடியும் பிழை எண்

2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. பிரிண்டர் டிரைவர் போடும் சாக்கில் கணினியையே கைப்பற்ற முடியும் என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டு ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து, ஷேர் வழியாகப் பிரிண்டரை இணைக்கும்போது டிரைவர் இறங்க அட்மின் உரிமை கட்டாயம் ஆனது. அடுத்த மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஷேர் செய்யும் கணினியும் இணையும் கணினியும் ஒரே அளவுக்கு அப்டேட் ஆகாத இடங்களில் 11பி பிழை வந்தது. 709 பிழை விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்புக்குப் பிறகு ஷேர் பிரிண்டர்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும் வழி மாறியதுதான் காரணம்.

முதலில் இரண்டு கணினிகளையும் முழுமையாக அப்டேட் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதிலேயே தீர்ந்துவிடுவது உண்டு.

தீரவில்லை என்றால், ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கு என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம் கிடைக்கும். செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். பிரிண்டர் வேலை செய்யும், பாதுகாப்புக்காகப் பூட்டிய கதவும் திறந்துகொள்ளும். வாடிக்கையாளரின் பான் எண்ணும் பத்திரங்களும் இருக்கிற கணினி அது. ஊழியர்களுக்கு அட்மின் உரிமை கொடுத்துவிடுவதும் அதே தப்புதான்.

சின்ன ஆபீஸுக்கு நல்ல வழி, ஷேரையே விட்டுவிடுவது. ஒவ்வொரு கணினியிலும் ஸ்கிரிப்ட் சிஸ்டம் கணக்கில் ஓடி, டிரைவரை முன்கூட்டியே போட்டு, பிரிண்டரின் ஐ.பி.க்கு நேராக இணைத்துவிடட்டும். நடுவில் இன்னொரு கணினி கிடையாது, பாஸ்வேர்டு கேள்வியும் வராது. யூ.எஸ்.பி.யில் ஒரு கணினியோடு கட்டிப்போட்ட பிரிண்டரை ஷேர் செய்து காலம் தள்ளுகிறவர்கள், அடுத்த பிரிண்டர் வாங்கும்போது லேன் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

## “என் பிரிண்ட் மேல் மாடியில போய் விழுது”

விண்டோஸ் தானே டீஃபால்ட் பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளும் என்ற அமைப்பு இயங்குகிறது. கடைசியாக எதில் அச்சடித்தாரோ அதையே டீஃபால்ட் ஆக்கிவிடும். பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் அதை ஆஃப் செய்யுங்கள். இது ஒவ்வொரு யூசருக்கும் தனி என்பதால் லாகின் ஸ்கிரிப்டில் போடுங்கள். கணினி தொடங்கும்போது ஓடுகிற ஸ்கிரிப்டில் போட்டால் ஒட்டாது.

குரூப் பாலிசி இருக்கும் இடத்தில் டீஃபால்ட்டும் இரட்டைப் பக்க அமைப்பும் தினமும் கலைந்தால், பிரிண்டர் ப்ரிஃபரன்ஸில் ‘ரீப்ளேஸ்’ என்று வைத்திருப்பார்கள். அது ஒவ்வொரு தடவையும் அழித்து மறுபடி உருவாக்கும். ‘அப்டேட்’ என்று மாற்றுங்கள்.

அதே பெயரில் ‘காப்பி 1’ என்று இரட்டை முளைத்தால், விண்டோஸ் நெட்வொர்க்கில் கண்டதைத் தானே சேர்க்கிறது. நெட்வொர்க் அமைப்புகளில் தானாகச் சேர்க்கும் அந்த டிக்கை எடுத்துவிட்டு இரட்டையை நீக்குங்கள்.

## “பக்கம் பக்கமா என்னவோ எழுத்தா வருது”

ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி மட்டும் புரியாத குறிகளாக வந்து பேப்பர் கட்டே காலியானால், டிரைவர் பேசும் மொழி பிரிண்டருக்குத் தெரியவில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர், பி.சி.எல். மட்டும் தெரிந்த பிரிண்டர் என்பது போல. ட்ரேயை வெளியே இழுத்துப் பேப்பரைக் காப்பாற்றுங்கள், கியூவைக் காலி செய்யுங்கள், சரியான டிரைவரைப் போடுங்கள்.

தமிழ் மட்டும் கெட்டால் திரையைப் பாருங்கள். திரையிலேயே ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பிரிண்டர் குற்றம் இல்லை. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருக்கிறது. ஆபீஸில் இன்னும் பழைய எழுத்துருக்கள் புழங்கினால், பிரிண்டர் ஸ்கிரிப்டோடு அவற்றையும் எல்லாக் கணினிக்கும் போட்டுவிடுங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கெட்டால், டிரைவர் தன் சொந்த எழுத்துருவை நுழைக்கிறது. அட்வான்ஸ்டு பக்கத்தில் ட்ரூடைப் எழுத்துருவை ‘டவுன்லோடு ஆஸ் சாஃப்ட் ஃபான்ட்’ என்று மாற்றுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

கான்ஃபிகரேஷன் தாளே கோடு கோடாக, மங்கலாக, பின்புறம் அழுக்கோடு வந்தால், அல்லது தாளே வராமல் உள்ளே கசங்கினால், ஸ்கிரிப்டையும் டிரைவரையும் மறந்துவிட்டு பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் பிரித்துவைத்த பேப்பர் கட்டு ஈரம் இழுத்துக் கசங்கும். புதுக் கட்டு பிரித்து ஒரு தடவை முயன்று பாருங்கள். கருகிய வாடை வந்தாலோ, வெள்ளத்தில் நின்ற பிரிண்டராக இருந்தாலோ பிளக்கைச் செருகியே பார்க்காதீர்கள். லேசர் பிரிண்டரைச் சின்ன யூ.பி.எஸ்ஸில் மாட்டியிருந்தால் இன்றே கழற்றி நேராகச் சுவரில் போடுங்கள். சூடாகும்போது அது இழுக்கிற மின்சாரத்தை அந்த யூ.பி.எஸ். தாங்காது. ரௌட்டரும் சுவிட்சும்தான் யூ.பி.எஸ்ஸில் இருக்க வேண்டியவை.

முனையையும் கேபிளையும் மாற்றியும் விளக்கு எரியவில்லை, சுவிட்சில் வேறு துளையிலும் எரியவில்லை என்றால் பிரிண்டரின் நெட்வொர்க் போர்டு போயிருக்கலாம். இடி மின்னலுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு. போர்டின் விலையைக் கேட்டுவிட்டு, புதுப் பிரிண்டரின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

டொமைன் கன்ட்ரோலர், குரூப் பாலிசி, சர்வரின் ரெஜிஸ்ட்ரி வரை போக வேண்டியிருந்தால், அந்த சர்வரை அமைத்தவரைக் கூப்பிடாமல் தொடாதீர்கள். ஒரு பிரிண்டருக்காக முப்பது பேரின் லாகினைக் கெடுத்துவிடக்கூடும்.

கூப்பிடும்போது “பிரிண்டர் ஓடல” என்று மட்டும் சொல்லாமல், கான்ஃபிகரேஷன் தாளின் போட்டோ, லாக் ஃபைலின் கடைசிப் பத்து வரி, பிழை எண் தெரியும் திரையின் போட்டோ, ஒருவருக்கா எல்லாருக்குமா என்ற பதில், இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வருகிறவர் அரியாங்குப்பம் தாண்டும்போதே எந்தச் சாமானை எடுத்து வர வேண்டும் என்று முடிவு செய்திருப்பார். பாதி நேரம் அவர் வரவே வேண்டியிருக்காது.

நான் பார்க்கிற ஆபீஸ்களில் ஒவ்வொரு பிரிண்டர் மேலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும்: கணினிப் பட்டியலில் அதன் பெயர், ரிசர்வ் செய்த ஐ.பி., மேக் முகவரி, ஸ்கிரிப்டை எப்போது கடைசியாக மாற்றினேன் என்ற தேதி. பேனாவால் எழுதியதுதான். டேப் ஒட்டி மூடிவிடுங்கள், ஈரக்காற்றில் மை கரைந்துவிடும்.